எந்த இன்டர்ன்ஷிப் வேலையைக் கற்றுத்தருகிறது? நான்கு வகைகளும் எங்கள் மதிப்பீடும்

இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர் கொடுக்கும் விலை நேரம். இரண்டு மாத விடுமுறையோ ஒரு முழு செமஸ்டரோ, போனால் போனதுதான். காசு கொடுத்து வாங்கும் பொருளை எப்படித் தட்டிப் பார்த்து வாங்குவோமோ, இதையும் அப்படிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நடப்பதோ வேறு. நிறுவனத்தின் பெயர் பெரிதா, கடைசியில் சான்றிதழ் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பலர் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே வேலை கற்க முடியுமா என்பது இந்த இரண்டிலிருந்தும் தெரியவராது.

நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: மாணவர் செய்துகொடுத்த வேலை எத்தனை முறை திருத்தத்தோடு அவரிடமே திரும்பி வந்தது? கல்லூரியில் அசைன்மென்ட் கொடுத்தால் மதிப்பெண் வரும், அத்தோடு முடிந்தது. பத்துக்கு ஆறு வாங்கிய அறிக்கையைப் பத்துக்குப் பத்து ஆகும்வரை திருத்தி எழுதச் சொல்பவர் அரிது. அலுவலகத்தில் பத்துக்கு ஆறு என்றால் அது அனுப்ப முடியாத அறிக்கை. "மூன்றாம் பக்க மொத்தமும் ஐந்தாம் பக்க மொத்தமும் ஒத்துவரவில்லை, நாலு மணிக்குள் பார்த்துக் கொடுங்கள்" என்று திரும்பி வரும். அதை இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்யும்போதுதான் கை படிகிறது. வாரத்துக்கு இரண்டு திருத்தம் என்றால் எட்டு வாரத்தில் பதினாறு. அது நல்ல இன்டர்ன்ஷிப். இரண்டு மாதத்தில் மூன்றே முறைதான் வந்தது என்றால், வாசலில் எந்தப் பெயர்ப் பலகை தொங்கினாலும் மாணவருக்கு லாபம் குறைவு.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்கூடத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பும் முறையைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறந்தபோதே இந்த முறையோடுதான் பிறந்தது. இன்று கோ-ஆப் என்று சொல்லப்படுவது இதைத்தான்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம், அலுவலகத்தில் நேரில்

அதிகம் பேர் எடுப்பது இந்த வகை. மென்டர், அதாவது வேலை கொடுத்துத் திருத்தி வழிகாட்டும் ஊழியர், ஒழுங்காக அமைந்தால் கொடுத்த நேரத்துக்கு நல்ல பலன் தருவதும் இதுதான்.

முதல் வாரம்தான் பெரும்பாலும் வீணாகும். லேப்டாப் வந்திருக்காது, மெயில் கணக்கு திறந்திருக்காது, கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அனுமதி கிடைத்திருக்காது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அனுமதி கொடுப்பவர் ஒரு பிரிவில் இருப்பார், மென்டர் வேறு பிரிவில் இருப்பார், நடுவில் கோரிக்கையைப் போட யாருக்கும் நினைவிருக்காது. சேரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே "எந்தெந்த மென்பொருள் தேவைப்படும், எதற்கெல்லாம் அனுமதி வேண்டும், நான் எந்தப் படிவமாவது நிரப்ப வேண்டுமா?" என்று மெயில் போட்டால் இரண்டு மூன்று நாள் மிச்சமாகும். முதல் வேலை மூன்று நாளில் முடிக்கக்கூடிய சின்ன வேலையாக இருப்பது நல்லது. இரண்டாம் வார முடிவிலும் கையில் வேலை இல்லையென்றால் பேசியாக வேண்டும். "எனக்கு வேலையே இல்லை" என்று போய் நிற்பதைவிட, "இந்த மாதாந்தர அறிக்கையை இப்போது கையால் தொகுக்கிறீர்கள், இந்த மாதத்ததை நான் தொகுத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டால் மென்டருக்கு ஆமாம் சொல்வது எளிது.

இனி, இந்த வகையில் கற்கும் திறன் எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு வேலையை எடுத்து நெருங்கிப் பார்ப்போம். இன்டர்ன்களுக்கு அடிக்கடி கிடைக்கும் வேலை அது: வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்வது. 4,200 வரிகள் உள்ள சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக வைத்த அட்டவணை. இரட்டைப் பதிவுகளை நீக்கி, தேதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மாணவர் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறக்கிறார். திறந்த நொடியிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்களை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை உதிர்த்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். தேதியில் நடப்பது இன்னும் மோசம். நாள் முதலில், மாதம் பிறகு என்று எழுதிய கோப்பை, மாதம் முதலில் வரும் அமைப்புள்ள கணினியில் திறந்தால், ஏப்ரல் 3 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 12ஆம் தேதிக்கு மேல் உள்ளவை மாதமாக முடியாததால் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் கொஞ்சம் தவறான தேதிகளும் கொஞ்சம் தேதியே ஆகாத எழுத்துகளும் கலந்து கிடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, நெடுவரிசையின் ஓரத்தைப் பார்ப்பது. அமைப்பை யாரும் மாற்றாதவரை, எக்செல் தேதி என்று ஏற்றுக்கொண்டவை வலப்புறம் ஒட்டியிருக்கும், எழுத்தாக நிற்பவை இடப்புறம் ஒட்டியிருக்கும். செய்ய வேண்டியது, கோப்பை நேராகத் திறக்காமல் இம்போர்ட் வழியாக எடுத்து, அந்த நெடுவரிசைகளை எழுத்து வகையாகக் குறித்துவிட்டு, தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றுவது.

அடுத்து இரட்டைப் பதிவுகள். மாணவர் 310 இரட்டைகளை எண்ணி எடுத்துவிட்டு நீக்குகிறார். 4,200இல் 310 போனால் 3,890 இருக்க வேண்டும். இருப்பது 3,871. மீதி 19 எங்கே? பெயர் நெடுவரிசையை மட்டும் வைத்து நீக்கியதால், ஒரே பெயருள்ள வேறு வேறு ஆட்கள் 19 பேர் சேர்ந்தே போய்விட்டார்கள். மென்டர் இந்தக் கணக்கைக் கேட்காமல் விட்டிருந்தால் கோப்பு அப்படியே மேலே போயிருக்கும். கேட்டால், மாணவர் நாலு பழக்கங்களைச் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்: மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து வைப்பது, ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுவது, என்ன மாற்றினோம் என்று தனியாக எழுதி வைப்பது, பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்த்து ஒப்பிடுவது. எக்செல் வகுப்பு பத்து நடத்தினாலும் இந்த நாலும் கையில் ஒட்டாது. காரணம், வகுப்பில் கொடுக்கும் கோப்பில் அந்த 19 பேருக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை.

கேள்வி கேட்பது தனித் திறன். இன்டர்ன்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் நிற்பார்கள். பலர் தொந்தரவு செய்துவிடுவோமோ என்று இரண்டு நாள் தனியே முட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதுதான் அதிகச் சேதம் செய்யும். அரை மணி நேரம் தானே முயன்று பார்ப்பது, நகரவில்லை என்றால் கேட்டுவிடுவது என்பது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும் கணக்கு. கேட்கும்போது நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன செய்ய முயன்றேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இதுவரை எதையெல்லாம் பார்த்துவிட்டேன். இந்த நான்கையும் எழுதி முடிப்பதற்குள் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

மெயிலும் அப்படித்தான். இன்டர்ன் வழக்கமாக எழுதுவது: "வணக்கம் சார், நீங்கள் கொடுத்த கோப்பில் ஒரு சந்தேகம் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது சொல்லவும்." இதைப் படிப்பவருக்கு எந்தக் கோப்பு, என்ன சந்தேகம், எப்போதைக்குள் பதில் வேண்டும் என்று எதுவும் தெரியாது. திருப்பிக் கேட்டு ஒரு மெயில், அதற்குப் பதில் ஒன்று என்று ஒரு நாள் ஓடிவிடும். எட்டு வாரம் கழித்து அதே மாணவர் எழுத வேண்டியது: "வாடிக்கையாளர் பட்டியலில் 42 வரிகளில் ஊர் காலியாக இருக்கிறது. அவற்றை நீக்கவா, 'தெரியவில்லை' என்று குறித்து வைக்கவா? புதன் மதியத்துக்குள் பதில் வராவிட்டால் குறித்து வைத்துத் தொடர்கிறேன். பிறகு மாற்றுவதும் எளிது." தலைப்பிலேயே "முடிவு தேவை: 42 காலி வரிகள், புதன் மதியம்" என்று போட்டால் மேலாளர் போனிலேயே பதில் அடித்துவிடுவார். இந்த இரண்டு மெயிலுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நல்ல இன்டர்ன்ஷிப் ஒன்றின் விளைச்சல்.

நேரம் கணிப்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "இன்று சாயங்காலம் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் எடுப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. வேலை செய்யும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்து, சரிபார்க்கும் நேரம், பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், திருத்தி மறுபடி கொடுக்கும் நேரம் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் நினைத்த மணி நேரத்தையும் ஆன மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால், ஏழெட்டு வேலைக்குப் பிறகு தன் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மணி என்று நினைத்தது எப்போதும் ஐந்தாகிறது என்றால், அடுத்த முறை ஐந்து என்றே சொல்லலாம். தாமதமாகும் என்பதைக் கெடு வரும் நாளில் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பாதி நேரம் போனபோது பாதி வேலை முடியவில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மீட்டிங்கில் குறிப்பெடுக்கச் சொன்னால் அதைச் சில்லறை வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எங்கள் கணக்கில் இன்டர்னுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வேலைகளில் அது ஒன்று. யார் என்ன பேசினார் என்பதையெல்லாம் எழுத வேண்டாம். என்ன முடிவானது, யார் செய்யப் போகிறார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதி அன்றைக்கே அனுப்பினால் போதும். "பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னது முடிவா இல்லையா என்று தெரியாமல் போய் விசாரிக்க வேண்டிவரும். அலுவலகத்தில் முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி நழுவுகின்றன என்பது அப்படி விசாரிக்கும்போதுதான் பிடிபடும்.

இந்த வகையின் பலவீனம் மென்டர். ஒரே மென்டருக்கு மூன்று பேருக்கு மேல் கொடுத்தால் திருத்தம் மெலிந்து "நன்றாக இருக்கிறது" என்ற ஒற்றை வரியாகிவிடும். அந்த வரி கேட்க இனிமையாக இருக்கும், கற்க அதில் எதுவும் இருக்காது. அப்படி வந்தால் மாணவரே கேட்டு வாங்க வேண்டும்: "இதை நீங்களே அனுப்புவதாக இருந்தால் எந்த ஓர் இடத்தை மாற்றுவீர்கள்?" வாரத்துக்கு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசும் நேரத்தை முதல் வாரத்திலேயே காலண்டரில் குறித்து வாங்கிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

வீட்டிலிருந்தபடி

எழுத்து வளர இதைவிட நல்ல இடம் கிடையாது. எல்லாமே சாட்டிலும் மெயிலிலும் நடப்பதால் தெளிவாக எழுதாதவருக்கு வேலையே நகராது. 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட், அதாவது யாரும் மூலக் கோடைப் பார்க்கக்கூடிய திறந்தமூல மென்பொருளுக்கு வீட்டிலிருந்தே பங்களிக்கும் திட்டம், இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி. மாணவரே திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், தனி மென்டர் உண்டு, நடுவில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒரு மதிப்பீடு. திறந்தமூலத் திட்டம் என்பதால் எழுதிய கோடும் அதற்கு வந்த திருத்தங்களும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும்.

இழப்பும் உண்டு. பக்கத்து மேசையில் ஒருவர் கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைப் போனில் எப்படிச் சமாளிக்கிறார் என்பதைக் காதில் வாங்கிக் கற்கும் வாய்ப்பு வீட்டில் இல்லை. மாணவர் சிக்கிக்கொண்டு நிற்பதும் வெளியே தெரியாது. மென்டர் மௌனத்தை "வேலை நடக்கிறது" என்று எடுத்துக்கொள்வார். தினமும் மூன்று வரி போட்டால் இது பெருமளவு சரியாகும்: நேற்று முடித்தது, இன்று செய்யப்போவது, தடையாக இருப்பது. தடை இல்லை என்றால் இல்லை என்றே எழுத வேண்டும். வாரம் ஒரு முறையாவது மென்டரோடு திரையைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு இல்லாத இடத்துக்கு, முதல் இன்டர்ன்ஷிப்பாகப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டாவதாகப் போகலாம்.

நான்கு முதல் ஆறு மாதம், கோ-ஆப்

ஆழம் வேண்டுமானால் இதுதான். எட்டு வாரத்தில் கிளம்பிவிடும் மாணவர், தான் செய்த வேலை பிறகு எங்கே உடைந்தது என்று பார்ப்பதே இல்லை. ஆறு மாதம் இருப்பவர் இரண்டாம் மாதத்தில் செய்த அறிக்கை நான்காம் மாதத்தில் புதிய தரவு வந்ததும் சரிவதைப் பார்ப்பார். அதைச் சரிசெய்யும் ஆளும் அவரே. நெடுவரிசைகளுக்குத் தெளிவான பெயர் ஏன் வைக்க வேண்டும், ஒரு எண்ணை ஏன் ஐந்து இடத்தில் கையால் தட்டக் கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் உறைக்கும். அந்த அனுபவத்தை வேறு எந்த வகையும் தராது.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கவனம் தேவை. ஒரு வேலை நன்றாகப் பழகிவிட்டால் நிறுவனத்துக்கு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கத் தோன்றும். திருத்தம் வருவது நின்றுபோனால், வேலை பழகிவிட்டது, கற்பது நின்றுவிட்டது என்று பொருள். சேரும்போதே மூன்றாம் மாத முடிவில் வேறு பிரிவோ பெரிய பொறுப்போ உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டிச் சேருவது

இதைப் பரிந்துரைக்க மாட்டோம். நேர்காணல் கிடையாது, விண்ணப்பித்த அன்றே ஆஃபர் லெட்டர், சேர்ந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி மூன்று பிராஜெக்ட், மென்டர் யார் என்று பெயரே சொல்லாத ஏற்பாடு, வேலையைப் பார்க்காமலே சான்றிதழ்: இவற்றில் இரண்டு இருந்தாலும் விலகிவிடலாம். மாணவர் செய்த வேலையை அங்கே யாரும் பயன்படுத்தப் போவதில்லை. யாருக்கும் தேவைப்படாத வேலையைத் திருத்தித் தர யாரும் மெனக்கெடவும் மாட்டார்கள். நிறுவனங்கள் இலவசமாகத் தரும் சில மணி நேர மாதிரிப் பயிற்சிகள், ஒரு துறை பிடிக்கிறதா என்று பார்க்க உதவும். அவற்றை இன்டர்ன்ஷிப் என்று ரெஸ்யூமேயில் போட வேண்டாம்.

உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப்பை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உரைகல். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018இல் ஏற்றுக்கொண்ட ஏழு அம்சச் சோதனை, இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது மாணவரா, நிறுவனமா என்று கேட்கிறது. சம்பள ஊழியர் செய்ய வேண்டிய வேலையை இன்டர்ன் செய்கிறாரா, அல்லது அதற்குத் துணையாக இருந்து கற்கிறாரா என்பது அதில் ஓர் அம்சம். அந்தச் சட்டம் செல்லாத இடத்திலும் இந்தக் கேள்வியை மாணவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை

நேர்காணலில் மாணவரும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என் வேலையை யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை முறை? போன முறை வந்த இன்டர்ன் என்ன செய்தார், அது இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா? என் முதல் வார வேலை என்ன? முடியும்போது என் கையில் என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு "பல வேலைகள் செய்தார்" என்ற பதில் வந்தால் எச்சரிக்கையாக இருக்கவும். குறிப்பாக ஒரு வேலையைச் சொன்னால் நல்ல அறிகுறி.

இன்டர்ன்ஷிப்பால் வராததையும் சொல்லிவிட வேண்டும். பாட அறிவில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. பணியிடத்தில் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. தலைமை ஏற்று நடத்தும் திறனும் பெரும்பாலும் வராது, ஏனென்றால் இன்டர்னுக்குக் கீழே யாரும் இல்லை. தகவல் பரிமாற்றம், கூட்டு வேலை, பொறுப்போடு நடந்துகொள்வது ஆகிய மூன்றுக்கும் அதற்கு இணை கிடையாது.

நல்ல மாணவர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ரகசியம். நிறுவனத்தின் கோப்பை வீட்டில் தொடரலாம் என்று சொந்த மெயிலுக்கு அனுப்புவது, வாடிக்கையாளர் தரவை அப்படியே ஏதோ ஒரு ஏஐ சாட்டில் ஒட்டி உதவி கேட்பது, டாஷ்போர்டைப் படம் பிடித்து லிங்க்ட்இன்னில் பெருமையாகப் போடுவது. மூன்றும் ஆர்வத்தில் செய்பவைதான். மூன்றுக்கும் அன்றே வெளியே அனுப்பப்படலாம். எது வெளியே போகலாம், எது போகக் கூடாது, எந்த ஏஐ கருவிக்கு அனுமதி உண்டு என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டு வாரம்

புதிய வேலை எதையும் எடுக்காமல் ஒப்படைப்புக்கு ஒதுக்க வேண்டிய நேரம் இது. ஒப்படைப்புக் குறிப்பில் கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்த வரிசையில் இயக்க வேண்டும், எங்கே உடைய வாய்ப்பு உண்டு, எது பாதியில் நிற்கிறது என்று எழுத வேண்டும். எழுதியபின் இந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, குறிப்பை மட்டும் வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும். அவர் நிற்கும் ஒவ்வொரு இடமும் குறிப்பில் விடுபட்டது.

பரிந்துரைக் கடிதத்தை வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் மென்டருக்கு முகம் நினைவிருக்கும், வேலை நினைவிருக்காது. கடைசி வாரத்திலேயே, செய்த மூன்று வேலைகளையும் அவற்றின் விளைவையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த அரைப் பக்கமே ரெஸ்யூமேக்கும் ஆகும். "தரவு மேலாண்மையில் உதவினேன்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். "4,200 வரிகள் கொண்ட பட்டியலில் 310 இரட்டைப் பதிவுகளை நீக்கினேன், ஒவ்வொரு படியிலும் வரி எண்ணிக்கையைச் சரிபார்த்தேன்" என்று எழுதினால், அடுத்த நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். எழுதிய எண்களை வெளியே சொல்லலாமா என்று மட்டும் மென்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.